மலை, மிருகம், கடவாப்பல்

...மூணையும் ஒரே பயணத்துல சேத்தது யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க சார்! அய்யய்யோ, சொல்லாதீங்க, வாயை மூடாதீங்க, உள்ள பல் பாக்கற கண்ணாடி இருக்கு. இப்பத்தானே ஊசி போட்டேன், நல்லா மரத்துப் போகட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நீங்க சாயங்காலம் வரைக்கும் இந்த சேர்லயே இருந்தாலும் எனக்குச் சந்தோஷந்தான்.

அந்த டூர் ஏஜெண்டைச் சொல்லணும். "வெளிநாட்டுல மலையும் ஏறலாம், காட்டு மிருகமும் பாக்கலாம், அங்கத்து ஜனங்களோட தங்கி ஆட்டம் பாட்டமும் ரசிக்கலாம், ஒரே கல்லுல மூணு மாங்கா டாக்டர்"னான். மாங்கா! அந்தக் கல்லு திரும்பி வந்து என் தலையில விழுந்துச்சு. மூணு வாரமா என் வீட்டுக்காரம்மா என்கூடப் பேசறதில்ல.

அதோ, பக்கத்து ரூம்ல சத்தம் கேக்குதில்ல, அவங்கதான். அவங்களும் பல் டாக்டர். வாசல்ல போர்டு பாத்திருப்பீங்களே, என் பேருக்கு மேல அவங்க பேரு. மலைன்னா அவங்களுக்கு உசுரு சார். ஒரு வருஷமா தினம் காலையில முதுகுல மூட்டையை மாட்டிக்கிட்டு எட்டு மாடி ஏறி இறங்கினாங்க. நான் லிஃப்ட்ல போய் மேல நின்னு கை தட்டுவேன். ஆதரவுன்னு ஒண்ணு வேணுமில்ல?

போனோம். குளிருன்னா குளிரு... பல்லெல்லாம் தந்தியடிக்குது. உச்சி அந்தா தெரியுது! அப்பப் பாத்து, கூட வந்த ஒரு ஆளுக்குப் பல்லு வலி. யாரா? யாரோ ஒருத்தரு, விடுங்க. சொத்தைக்குள்ள காத்து அடைச்சிருந்தா, மேல போகப் போக அது விரிஞ்சு நரம்பை நசுக்கும் சார். மனுஷன் கூடாரத்துல உருளறாரு, புரளறாரு. வீட்டுக்காரம்மா மருந்து, ஊசி எல்லாம் கொண்டுவந்திருந்தாங்க. பாக்கறேன்னு கிட்டப் போனா, அந்த ஆளு தூங்கற பைக்குள்ள தலையை விட்டு ஜிப்பை இழுத்துக்கிட்டாரு! வழிகாட்டி ஒருத்தன்தான். ஏறினா எல்லாரும் ஏறணும், இறங்கினா எல்லாரும் இறங்கணும். இறங்கிட்டோம். கைக்கெட்டினது வாய்க்கெட்டல. அவங்க உச்சியை ஒரு தரம் திரும்பிப் பாத்தாங்க பாருங்க... எனக்கு அழுகையே வந்துருச்சு. வலியில வந்துச்சோ, மனசு கேக்காம வந்துச்சோ.

அப்புறம் காடு. திறந்த ஜீப்பு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடவாப்பல்லுல சுத்தியால அடிச்ச மாதிரி... அந்த ஆளுக்குத்தான், அந்த ஆளுக்கு. ஆத்துல ஒரு நீர்யானை எங்களைப் பாத்து வாயைத் தொறந்துச்சு. தொறந்துச்சுன்னா எப்படி? கார் ஷெட்டு கதவு மாதிரி! யாரும் கேக்காமலே! வீட்டுக்காரம்மா அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "இதுக்கு இருக்கற தைரியம்கூட..."ன்னாங்க. அதோட நிறுத்திட்டாங்க. அதுதான் சார் அவங்க என்கிட்ட கடைசியாப் பேசினது.

ஏன் கையைத் தூக்கறீங்க? வலிக்குதா? சந்தேகமா? இருங்க இருங்க, கிராமத்துக் கதையைக் கேட்டுடுங்க. மேளம் கொட்டி வரவேத்தாங்க சார், ஊரே தெரண்டு வந்து. நான் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னேனா... நின்னாரா, அந்த ஆளு... நம்ம பக்கம் வணக்கம் சொல்ற விதமே அதுதான் போலன்னு நெனச்சு, ஊர்ப் பெரியவர்லேர்ந்து இடுப்புல கொழந்தை வெச்சிருந்த பொம்பளை வரைக்கும் எல்லாரும் கன்னத்துல கை வெச்சு குனிஞ்சுட்டாங்க! போட்டோ இருக்கு, காட்டறேன். ஊருக்கே பல்லு வலி வந்த மாதிரி இருக்கும். அதுல நிமிந்து நிக்கறது ஒரே ஒருத்தர். என் வீட்டுக்காரம்மா.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க... சரி, நான்தான்! கெளம்பறதுக்கு முன்னாடியே சொன்னாங்க, "உங்களுக்குச் சொத்தை இருக்கு, வந்து உக்காருங்க, மேல போனா வலிக்கும்"னு. ஒரு தரம் போன் வந்துச்சுன்னு எந்திரிச்சேன். ஒரு தரம் தும்மல் வருதுன்னேன். இன்னொரு தரம், வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பாத்ரூம்ல போய்த் தாப்பாப் போட்டுக்கிட்டேன். ஊசின்னா பயம் சார். போடறதுக்குப் பயமில்ல, போட்டுக்கத்தான்! இப்ப நர்ஸ்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு இந்த சேர் காலியானதும் நான் உக்காரணுமாம். இல்லேன்னா போர்டுலேர்ந்து பேரைக் கழட்டிக்கிட்டு வேற இடம் பாத்துக்கறாங்களாம். அவங்க விளையாட்டுக்குச் சொல்ற ஆளில்ல. அவங்க இல்லாம இந்தக் கிளினிக்கும் ஓடாது, நானும் ஓட மாட்டேன். அதான் உங்களைக் கொஞ்சம் மெதுவா...

சரி, வாயைக் கொப்பளிங்க. கொறடு எங்க வெச்சேன்... இந்த டிராயர்லதானே... ஆமா, அந்த நீர்யானைக்கு ஈறு பாத்தீங்கன்னா, ரோசாப்பூ நிறம் சார்... சார்? சார்! கழுத்துல துண்டோட எங்க போறீங்க? அது அவங்க ரூம் சார்! போறதுதான் போறீங்க, சேர் காலின்னு மட்டும் சொல்லிடாதீங்க...

வந்துட்டியா. சேர் காலின்னு அவரு சொல்லிட்டாராக்கும்.

கையில என்ன, ஊசியா? கொஞ்சம் பெருசா இல்ல? இல்ல இல்ல, போன் ஒண்ணும் வரல. தும்மலும் இல்ல. இதோ, உக்காந்துட்டேன் பாரு. நெஜமா உக்காந்துட்டேன். ஒரு கையை மட்டும் குடு, பிடிச்சுக்கறேன்... என்ன சொன்னே? பேசிட்டியா? "வாயைத் திறங்க"ன்னியா? மூணு வாரம் கழிச்சு இதுதானா! பரவால்ல, இன்னொரு தரம் சொல்லும்மா... கேக்க நல்லாருக்கு... திறக்கறேன், திற...