ஒரு கப் சீனி

என் வீட்டில் சீனி வாங்குவதில்லை, தம்பி. எட்டு வருடமாக எனக்கு நீரிழிவு. உங்கள் தேநீரிலும் சீனி இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு இராஜம்மாவுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை பின்சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, ரெண்டு கப் சீனி இருக்கா?" என்று கேட்பாள். நானும் "அனுப்பு" என்பேன். சீனி கேட்டவளிடம் யாராவது 'அனுப்பு' என்பார்களா? இந்தத் தாமானில் குடியிருக்கும் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

நீங்கள் என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த வாக்குமூலத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். ஓரிடத்தில் பிழை இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். பிழையுள்ள தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்பது பிள்ளைகள் வரை அது வீடு. பத்தாவது பிள்ளை வந்துவிட்டால் அது வீடு இல்லை, நிலையம். அதற்கு வேறு அனுமதி, வேறு விதிகள், கூடுதல் ஆட்கள். நல்ல சட்டம்தான். ஒரு பெண்ணுக்கு இரண்டு கைதானே?

ஓய்வு பெற்றதும் நான் முறையாகப் பயிற்சிக்குப் போனேன். அந்தச் சான்றிதழைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆளுக்கொரு மெத்தை, ஆளுக்கொரு துவாய், மெத்தைகளுக்கு நடுவில் அடிக்கோல் வைத்து அளந்த இடைவெளி. நோய் தொற்றக்கூடாது அல்லவா? அம்மாமார் வருவார்கள், எல்லாவற்றையும் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள்.

இராஜம்மா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தரையில் பாயை விரித்து எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகப் போட்டுவிடுவாள். ஒரு பெரிய வட்டிலில் சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி ஊட்டுவாள். யார் எச்சில், யார் வாய் என்றெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. அவளிடம் பத்துப் பேர், பதினொரு பேர், ஒரு மாதம் பதின்மூன்று பேர் கூட இருந்தார்கள். என்னிடம் நான்கு பேர். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

சீனி ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அவள்தான். நல அதிகாரி வரும் நாளில் ஒன்பதுக்கு மேல் இருக்கும் பிள்ளைகளை அவள் பின்கதவு வழியாக விடுவாள். பின்சந்தில் பத்தடி நடந்தால் என் பின்கதவு. எத்தனை கப் என்று கேட்கிறாளோ அத்தனை பிள்ளைகள். நான் 'அனுப்பு' என்று சொன்னால்தான் அனுப்ப வேண்டும், அதுதான் பேச்சு. அதிகாரி போனதும் என் வாசலுக்கு வந்து, "அக்கா, சீனியத் திருப்பிக் குடுங்க" என்பாள். பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. தாங்கள்தான் சீனி என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்பீர்கள். ஒன்பதுக்கு மேல் வந்த பிள்ளை சட்டப்படி யாருடைய பிள்ளை? இடம் காலியாக இருக்கும் வீட்டுக்கு உரிய பிள்ளை. அப்படிப் பார்த்தால் அவர்கள் என் பிள்ளைகள்தான். அரை மணி நேரமாவது உரிய இடத்தில் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

ஷாமினி விஷயம் இன்னும் தெளிவு. அவள் முதலில் என்னிடம் சேர்ந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தங்கமணியின் ஒரே பெண். மூன்றரை வயது. மூன்று வாரம் என்னிடம் இருந்தாள். மூன்று வாரமும் அழுதாள். நான்காவது வாரம் தங்கமணி வந்து, "ஆன்டி, அடுத்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்குது, இவளும் அங்க போறேங்குறா" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் சீனியாக மட்டும் என்னிடம் வருவாள். என் மடியில் ஏறி உட்காருவாள், பிஸ்கட் தின்பாள், என் வளையலை உருட்டுவாள். பிறகு, "எப்ப வீட்டுக்குப் போலாம் ஆன்டி?" என்று கேட்பாள். வீடு என்று அவள் சொன்னது இராஜம்மா வீட்டை. அந்தக் கேள்வி என்னை எவ்வளவு நோகடித்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது, நீங்கள் சின்ன வயது.

போன வருடம் அக்டோபரில் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், தட்டச்சில், ஒரு பக்கம். இன்ன முகவரியில் ஒன்பதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள், காலை பத்து மணிக்கு வந்தால் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பெயர் மட்டும் போடவில்லை. அது முறையில்லைதான்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். விடியற்காலையிலிருந்து கிள்ளான் முழுக்க நல்ல மழை. ஒன்பதரைக்குத்தான் விட்டது. பின்சந்தை ஒட்டி ஓடும் பெரிய லோங்காங் வடிகாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மூடி கிடையாது. மழை விட்டதும் குப்பை போடப் போனபோது தண்ணீர் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன்.

பத்து மணி தாண்டியதும் முன்பக்கம் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இராஜம்மா வந்தாள்.

"அக்கா, ஒரு கப் சீனி இருக்கா?"

நான் பேசவில்லை. மறுபடியும் கேட்டாள், கொஞ்சம் அவசரமாக. அன்றைக்கு அவளிடம் பத்துப் பேர். பதில் வராவிட்டால் பத்தாவது பிள்ளை அங்கேயே இருக்கும், அதிகாரி எண்ணுவார், எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். நான் திட்டமிட்டது அவ்வளவுதான். ஆனால் அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் பின்கதவு திறந்து மூடியது. பிறகு சின்னச் செருப்புச் சத்தம். இங்கே பேச்சை மீறியவள் அவள்தான், நான் இல்லை.

ஷாமினி உள்ளங்கையால் என் கதவைத் தட்டினாள். "ஆன்டி, சீனி வந்துருச்சு லா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் ஒளிந்து விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவையும் சிரித்தாள். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை.

என்னிடம் இருந்த நான்கு பேரில் ஒருத்தி சாப்பாட்டு மேசையிலிருந்து, "ஆன்டி, ஷாமினி கூப்புடுறா" என்றாள். "இல்லை பிள்ளை, அது காத்து" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவள் திரும்பிப் போய் இராஜம்மாவின் பின்கதவைத் தட்டுவாள், அதிகாரிக்குக் கேட்கும் என்று காத்திருந்தேன். பத்தடி தூரம். போகலாம்தானே? அவள் போகவில்லை. என் கதவு எப்போதும் திறக்கும் என்று பழகிப்போன பிள்ளை.

அந்தக் கதவில் மேல் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. பகலில் போடுவதில்லை. அதைப் போட்டேன். சத்தம் வெளியே கேட்டிருக்கிறது, தட்டுவதை நிறுத்திவிட்டாள். திறக்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு ஒரு தடவை கூப்பிட்டாள். 'ஆன்டி' என்று இல்லை, 'அம்மா' என்று. அதற்கப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் இருந்தது. நான் நான்கு பேருக்கும் பால் கலக்கினேன்.

அரை மணி நேரத்தில் அதிகாரி போய்விட்டார். ஒன்பது பேரை எண்ணி, திருப்தியாகத்தான் போயிருக்கிறார். இராஜம்மா சிரித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்து, "அக்கா, சீனியத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

"எந்தச் சீனி?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் ஓடினாள். பிறகு தெருவே ஓடியது. மத்தியானம் ஒரு மணிக்குக் கடைவீதிப் பாலத்தடியில் காய்கறி லோரிக்காரர் ஒருவர் பிள்ளையைக் கண்டார். மீதி உங்கள் தாளில் இருக்கிறது.

இனிப் பிழைக்கு வருகிறேன். ஏழாவது வரி. இராஜம்மா இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: "புனிதவதி அக்காவுக்குக் காது அவ்வளவா கேக்காது சார். அவங்க பதில் சொல்றதுக்கு முந்தி நான்தான் புள்ளைய வெளிய விட்டுட்டேன். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல."

எனக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் வந்ததிலிருந்து என்னிடம் உரக்கப் பேசுகிறீர்களே, ஏன் என்று யோசித்தீர்களா? அவள் சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். அம்மாமார் வாசல் கேட்டில் நின்று உரக்கக் கத்திப் பேசுகிறார்கள். தங்கமணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையை அடக்கத்துக்கு எடுத்துப்போன அன்று அவள் என் இரண்டு கையையும் பிடித்து, என் காதோரம் குனிந்து, "ஆன்டி, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஒங்களுக்குத்தான் கேக்கலியே" என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். நான்கு மாதமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். கோர்ட்டு, வழக்கு என்று அலைகிற இராஜம்மா எனக்கு இரக்கம் பார்க்கிறாள். தோட்டத்திலிருந்து வந்தவள், எனக்கு. இதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஏழாவது வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். இராஜம்மா கூப்பிட்டது புனிதவதிக்கு இரண்டு தடவையும் கேட்டது. பிள்ளை கூப்பிட்டது ஒவ்வொரு தடவையும் கேட்டது. கதவுக்கு வெளியே தண்ணீர் ஓடுகிறது என்று புனிதவதிக்குத் தெரியும். வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு இடம் காலியாக இருந்தது. அவள் மேல் தாழ்ப்பாளைப் போட்டு, அதில் கை வைத்தபடி நின்றாள், திறக்கவில்லை. தேதி போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? என் முகத்தைப் பார்க்க வேண்டாம், தாளைப் பாருங்கள்.

உங்களோடு இப்போதே வரவேண்டுமென்றால் ஒரு சிரமம் இருக்கிறது. இராஜம்மா வீட்டைப் பூட்டிய பிறகு அவளிடம் இருந்தவர்களில் ஐந்து பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். உள்ளே ஒன்பது பேரும் தூங்குகிறார்கள். அம்மாமார் வேலை முடிந்து வர ஆறு மணியாகும். அதுவரை பொறுங்கள், தம்பி. சின்னப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.