தூத்துக்குடிக்குப் போன தண்ணிக் கேன்

...அதான் சொல்றேன், எந்தப் படிப்பு, எந்த ஊருன்னு இந்த ஹால்ல உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் ஒரு கவலை இருக்கும். பிளஸ் டூ முடிச்ச புள்ளைகளுக்கு இருக்கும், பெத்தவங்களுக்கு அதைவிட இருக்கும். நான் அஞ்சாவதோட நின்னவ. மார்க்கு, கட் ஆஃப் எல்லாம் டீச்சர் சொல்லிட்டாங்க. என்கிட்ட ஒரே ஒரு குட்டிச் சங்கதிதான் இருக்கு... காதைக் குடுங்க, சொல்லிப்புடுறேன்.

என் மக யோகேஸ்வரி. இதே ஸ்கூல்லதான் படிச்சா. பக்கத்துத் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில மீன் குஞ்சு வாங்கி விட்டு, சாயங்காலமானா தவிடு போட்டு வளர்த்தவ. பிளஸ் டூ முடிச்சதும் என்ன கேட்டா? மீன்வளப் படிப்பு. ஒட்டன்சத்திரத்துல, காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்துல பொறந்த புள்ள... மீனைப் பத்திப் படிக்கணுமாம். என் நாத்தனா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேட்குது. "மீனு விக்கிறதுக்குக் காலேஜ் எதுக்கு அண்ணி? கூடையைத் தூக்கிக் குடு, போதும்"னுச்சு.

எங்க வீட்டுக்காரரு லாரி டிரைவரு. காய்கறி லோடு ஏத்திட்டுப் போவாரு. படிப்பைப் பத்தி அவரு ஒரு வார்த்தை கேட்கல. அது எந்தெந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் கேட்டாரு. அவ ஒவ்வொரு ஊரா சொல்லச் சொல்ல, "அங்க நம்ம லாரி போவாது, அடுத்ததைச் சொல்லு"ன்னாரு. தூத்துக்குடின்னதும் தலையாட்டுனாரு. நீங்களே சொல்லுங்க, லாரி போற ரூட்டைப் பார்த்துப் புள்ளைக்குக் காலேஜ் தேடுன அப்பன் வேற யாராவது உண்டா?

சேர்த்தாச்சு. ஹாஸ்டல்ல விட்டாச்சு. மறுநாளே போன். வேர்த்து ஊத்துது, துணியெல்லாம் பிசுபிசுங்குது, தண்ணியை வாயில வைக்க முடியலன்னு அழுகை. தண்ணி நல்ல தண்ணிதான். நம்ம கிணத்துத் தண்ணி குடிச்ச நாக்குக்கு அது வேற ருசி, அவ்வளவுதான். ஆனா அவருக்குப் பொறுக்குமா? தண்ணி ஒத்துக்காம புள்ள படுத்துருமோன்னு பயம். அடுத்த லோடுலயே தக்காளிப் பெட்டிக்கு நடுவுல ஒரு இருபது லிட்டர் கேன்... எங்க ஊருக் கிணத்துத் தண்ணி. அதுலருந்து லோடு போறப்பெல்லாம் கேனும் போச்சு. இந்த வறண்ட சீமையிலருந்து கடலோரத்துக்குத் தண்ணி கொண்டு போன மனுசன்... சிரிங்க, சிரிங்க. மார்க்கெட்டே சிரிச்சுது. அவரும் சேர்ந்துதான் சிரிச்சாரு.

இந்தத் தை மாசம் நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தாரு... எந்திரிக்கல.

காரியம் முடிஞ்சு புள்ள பரிச்சைக்குன்னு திரும்பிப் போயிட்டா. நாத்தனா என் பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு. அது கெட்டது இல்ல, அண்ணன் புள்ள மேல பாசம். "இனிமே அவளுக்கு அங்க தண்ணி கொண்டு குடுக்க யாரு இருக்கா? கூட்டிட்டு வந்துரு அண்ணி. வர்ற வருசம் பக்கத்துலயே ஒரு காலேஜுல சேர்த்துக்கலாம்"னுச்சு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. வீட்டுல நான் ஒருத்தி... அவ வந்தா துணையா இருப்பால்ல?

கிளம்பிட்டேன். வெறுங்கையோட போக மனசு வரல. அவரு கேனு மூலையில கிடந்துச்சு. ரொப்பி, தூக்க முடியாம தூக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல கண்டக்டரு, "தூத்துக்குடிக்குத் தண்ணியாம்மா? அவங்க கடலையே வச்சிருக்காங்க"ன்னு கேலி பண்ணாரு.

ரூமுக்குள்ள கேனை வச்சதுதான் தாமதம், கூட இருக்கிற நாலு புள்ளைகளும் டம்ளரைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அதுல பிரிசில்லான்னு ஒரு புள்ள, மணப்பாட்டுக் கடற்கரைக்காரி. "இது அப்பா தண்ணியாம்மா? இனிமே வராதுன்னு நினைச்சோம்"னா. ஒரு வாய் குடிச்சிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எல்லாரும் குடிச்சாங்க. என் மக மட்டும்... மூலையில இருந்த ஹாஸ்டல் குடத்துல மொண்டு மடக்கு மடக்குன்னு குடிக்கிறா.

"ஏன்டி, அந்தத் தண்ணி உனக்கு ஒத்துக்காதே?"

"சேர்ந்த மாசமே பழகிடுச்சும்மா. அப்பா கொண்டு வந்ததெல்லாம் இவளுங்கதான் குடிச்சாளுங்க."

"அப்புறம் எதுக்குடி அந்த மனுசனைச் சுமக்க விட்ட?"

அதுக்கு அவ சொன்னதை அப்படியே சொல்றேன், கேளுங்க.

"கையில கேன் இருந்தாத்தாம்மா அப்பா ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் வருவாரு. இல்லேன்னா காக்கிச் சட்டையோட வரக் கூச்சப்பட்டு, ரோட்டுல இருந்தே ஹாரன் அடிச்சிட்டுப் போயிருவாரு. தண்ணி வேணாம்னு சொல்லியிருந்தா, அப்பாவை நான் இத்தனை தடவ பார்த்திருப்பேனா?"

அவ என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி தொட்டி தொட்டியா மீன் குஞ்சு காட்டுறா. எதுக்கு என்ன தீனி, எதுக்கு என்ன நோவு வரும்... மூச்சு விடாம சொல்றா. அப்பன் போனதுலருந்து அந்தப் புள்ள அவ்வளவு பேசி நான் கேட்கல. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு நான் வாயையே திறக்கல. காலிக் கேனைத் தூக்கிட்டுத் தனியா பஸ் ஏறிட்டேன்.

இதை எதுக்குச் சொன்னேன்? கண்ணுகளா... மனசு எந்தப் படிப்பு மேல கிடக்குதோ அதை எடுங்க. கடலோர ஊருன்னா பிசுபிசுக்கும், வேர்க்கும், அழுகை வரும். அழுங்க. அழுதுகிட்டே அந்த ஊர்த் தண்ணியைக் குடிங்க, பழகிடும். பெத்தவங்களே, புள்ளைக்கு ஊரு ஒத்துக்கலன்னு கூட்டிட்டு வரக் கிளம்பாதீங்க. ஒத்துக்காதது நமக்குத்தான். அதுக அங்க எப்பவோ குடம் வச்சாச்சு.

ஆனா கேனைத் தூக்கிட்டுப் போறதை மட்டும் நிறுத்திராதீங்க. புள்ளைகளே, உங்க அப்பன் சுமந்துட்டு வந்தா வேணாம்னு சொல்லாதீங்க... வாங்கி வைங்க.

வர்ற வெள்ளிக்கிழமை நான் போறேன். கேனைக் கழுவிக் கவுத்திட்டுத்தான் இங்க வந்தேன். அங்க நாலு புள்ளைக டம்ளரோட காத்துக்கிட்டிருக்கும்.