வாசலில் மிஞ்சிய ரப்பர்ச் செருப்பு

“அப்போ அந்தக் கதவு பூட்டியிருந்ததா இல்லையா? அதை மொதல்ல சொல்லு.”

“பூட்டாம? நம்ம பின்கதவு மாதிரியேதான். முன்னாடி துணி உருளை, அதுக்குப் பின்னாடி பூட்டு.”

“சாவி?”

“சாவி எங்கேன்னு அந்த முதலாளிக்கே தெரியாது.”

“அப்போ நம்ம ஆள் பரவாயில்லை. கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறான்,” என்றாள் சூரா அக்கா. மீரிம் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல் கூடத்தில் மின்சாரம் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. மற்ற பெண்களுக்கு பிஷ்கெக் நகருக்குள் வீடு உண்டு. நாங்கள் மூவர் மட்டும் கூடத்திலேயே, தையல் மேஜைகளுக்கு நடுவில் படுப்பவர்கள். ஒரே போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, மீரிமின் கைப்பேசி வெளிச்சத்தில் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

காலையில் தீயணைப்பு இன்ஸ்பெக்டர் வருகிறார். பின்கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும் என்று எல்லோரும் சொல்ல வேண்டும்; சொல்லாதவள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி தொலோகோன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மீரிமின் கைக்குழந்தை நரீன் ஊரில் அவளுடைய அம்மாவிடம் வளர்கிறது. அவள் அப்போதே தலையாட்டிவிட்டாள். அதனால்தான் நான் இந்தக் கதையை எடுத்தேன்.

“ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். யாரும் குறுக்கே பேசக் கூடாது.”

“பேய் வந்தா மட்டும் பேசறேன்,” என்றாள் சூரா அக்கா. “நீ சொல்லு, உல்ஜான்.”

சொன்னேன்.

இது என் தோழி புருலின் சித்திக்கு நடந்தது. பெயர் சல்கின். அவரும் தீயணைப்பு இன்ஸ்பெக்டர்தான். ஜனவரி மாதம். மாலை ஐந்து மணி… வெளிச்சம் செத்துக்கொண்டிருக்கும் நேரம். கால்வாயை ஒட்டிய சாலை. இரண்டு பக்கமும் மொட்டை பாப்லர் மரங்கள். நிலக்கரிப் புகை தரையோடு தரையாகப் படிந்திருந்தது. ஒரு வண்டி இல்லை. ஒரு நாய்கூட இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு தையல் கூடம். சித்திக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிடுவார்கள். சித்தி நடந்தே போனார்.

வாசலில் வரிசையாகச் செருப்புகள், பூட்ஸ்கள். நம் வழக்கம்தானே, வெளிக்காலணியோடு யாரும் உள்ளே போவதில்லை. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டால் காவலாள் தலைகளை எண்ணமாட்டான். வாசலில் கிடக்கும் ஜோடிகளை எண்ணுவான்.

சித்தி பூட்ஸைக் கழற்றவில்லை.

“மேடம், தரையெல்லாம் இப்பதான் தொடச்சது,” என்றார் முதலாளி.

“தீ வந்தா அதுவும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருமா?”

சுவரில் சிவப்புப் பலகை. அதில் வாளி, மண்வெட்டி, கோடரி, எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தன. சித்தி கோடரியை இழுத்தார். வரவில்லை. யாரும் திருடிவிடக் கூடாதென்று ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

மீரிம் திரும்பி எங்கள் சுவரைப் பார்த்தாள். எங்கள் கோடரியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது.

சித்தி ஒரு தகரத் தட்டை எடுத்து மணிபோல அடித்தார். “தீ! எல்லாரும் வெளியே!”

பெண்கள் ஓடினார்கள்… வாசல்வரை. அங்கே நின்றார்கள். குனிந்தார்கள். ‘ஏய், அது என்னோடது’, ‘எடது கால் எங்கேடி?’ பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். உண்மையான தீயாக இருந்திருந்தால், பாதிப் பேர் பூட்ஸின் ஜிப்பை இழுத்தபடியே செத்திருப்பார்கள்.

ஒருவழியாக எல்லோரும் வெளியே வந்து முற்றத்துப் பனியில் நின்றார்கள். வாசல் காலி.

இல்லை… ஒரு ஜோடி மிச்சம். கறுப்பு ரப்பர்ச் செருப்பு. உள்ளே சிவப்புத் துணி. சின்னக் கால். நுனியில் ஒட்டியிருந்த பனி இன்னும் கரையவில்லை.

“இது யாரோடது?”

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளி மட்டும் பேசினார். “எல்லாரும் வந்தாச்சு, மேடம். அது… பழசு. விட்டுடுங்க.”

“பழசுல புதுப் பனி எப்படி வந்துச்சு?”

சித்தி உள்ளே போனார். தனியாக.

கடைசி வரிசையில் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடகடகட… நின்றது. ஈரக் கம்பளி தீய்ந்த வாசனை. புகை இல்லை. தரையில் ஈரமான வெறுங்கால் தடங்கள். பின்சுவர்வரை போயிருந்தன. திரும்பவில்லை. அங்கே கூரை உயரத்துக்குத் துணி உருளைகள். அவற்றுக்குப் பின்னாலிருந்து… டொக். டொக். டொக்.

பிறகு ஒரு குரல். சின்னதாக, தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூசுகிற குரல்.

“அக்கா… என் செருப்பு வாசல்ல கெடக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடட்டுமா?”

மீரிம் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

“அந்தச் சித்தி என்ன சொன்னா?” சூரா அக்காவின் குரலில் கேலி குறைந்திருந்தது.

“‘செருப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! அங்கேயே நில்லு, கதவை நான் தொறக்கறேன்’னு கத்துனாங்களாம்.”

உருளைகளைத் தள்ளினார். பூட்டைப் பிடித்தார். துப்பினால் எச்சில் உறையும் குளிர் அது. பூட்டு அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. சித்தி பின்வாங்கவில்லை. மேஜைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அடித்தார்… அடித்தார்… பூட்டு தெறித்து விழுந்தது.

வெளியே யாரும் மிதிக்காத பனி. படியிலிருந்து மட்டும் வெறுங்கால் தடம் தொடங்கி, மரங்களை நோக்கிப் போயிருந்தது. சித்தியைக் கடந்து யாரும் போகவில்லை.

பூட்டை உடைத்ததற்கு யார் பொறுப்பு என்று முதலாளி கத்திக்கொண்டு வந்தார். சித்தி வெந்த கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தார். “இன்னொண்ணு மாட்டுங்க. பாக்கலாம்.”

மாட்டினார். காலையில் அது படியில் கிடந்தது. வேறொன்று மாட்டினார். அதுவும் கிடந்தது. இன்றுவரை அந்தக் கதவில் பூட்டு தங்கியதில்லை. அந்த ரப்பர்ச் செருப்பு மட்டும் அன்றைக்கே காணாமல் போனது. எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது…

சூரா அக்கா மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். “நல்லா கதை விடறே. சரி, மீரிம், காலையில என்ன சொல்லப் போறே?”

மீரிம் போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பூட்டியிருக்குன்னுதான் சொல்லுவேன். வேலை போனா போகட்டும். வேலை இல்லாத அம்மா உசுரோட இருந்தாக்கூட என் புள்ளைக்குப் போதும்.”

“அப்படிச் சொல்லு! அப்புறம் காலை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?” சூரா அக்கா எழுந்து கனமான இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். “வெளிச்சம் காட்டுடி.”

மீரிம் கைப்பேசியைத் தூக்கினாள். வெளிச்சம் முன்வாசலைத் தடவிக்கொண்டு போனது. உள்ளிருந்து நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. கீழே எங்கள் மூன்று ஜோடி பூட்ஸ்.

பக்கத்தில்… கறுப்பு ரப்பர்ச் செருப்பு. உள்ளே சிவப்புத் துணி. நுனியில் பனி.

பின்சுவரில், உருளைகளுக்குப் பின்னால்… டொக். டொக்.

சூரா அக்கா குனிந்து ஒரு கையில் செருப்பை எடுத்தாள். மறு கையில் இஸ்திரிப் பெட்டி. இருட்டுக்குள் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். உருளைகளை நானும் மீரிமும் தள்ளினோம். செருப்பைக் கதவோரம், வெளியே பார்த்தபடி வைத்துவிட்டு, அவள் பூட்டைப் பார்த்துப் பேசினாள்.

“யாரு பெத்த புள்ளையோ நீ, எந்தப் பூட்டுன கதவுக்குப் பின்னாடி தீயில செத்தியோ… கதவை நாங்க தொறக்கறோம், தாயி. ஆனா உடனே போயிடாதே. காலையில இன்ஸ்பெக்டர் வர்றப்போ, நீயும் எங்க பக்கத்துல வந்து நில்லு. நிப்பியா?”