தனியறைக் கதவுக்கு வெளியே

மேற்கண்ட முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வயது நாற்பத்து மூன்று. கல்லூரியில் வரலாற்று ஆசிரியராக வேலை பார்க்கிறேன். மூடிக் கிடக்கும் பழைய அரசுச் சிறையின் வரலாற்றை எழுதி வருவதால், உள்ளே போய்வர அனுமதியும் தண்டனைக் கைதிகளை அடைக்கும் தனியறைகளின் சாவியும் என்னிடம் இருந்தன.

அந்தச் சிறையில் இளவயதில் கைதியாக இருந்த ஒரு முதியவரை எல்லோரும் தையல் மாஸ்டர் என்பார்கள். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். தனியறையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அந்த அத்தியாயம் எழுதப்படாமல் கிடந்ததால், இன்று காலை அவரிடம் நைசாகப் பேசி அழைத்துப் போனேன். வாசலில் டீ வாங்கிக் கொடுத்தபோது, "மொதல் தடவ வந்தப்ப இந்த மரியாதையெல்லாம் இல்ல சார்" என்று கிண்டல் செய்தார்.

அதன்பின் தனியறைக்குப் போனோம். கதவு மூடும் சத்தம் உள்ளே எப்படிக் கேட்கும் என்று நின்று பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். தயங்கினார். நான் விடவில்லை. "சட்டுனு தெறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு அது. சாத்திவிட்டு, கதவிலிருந்த துவாரத்தில் ரெக்கார்டரைப் பிடித்தேன்.

சிறிது நேரத்தில் அவர் பேச ஆரம்பித்தார், என்னிடம் அல்ல. "ஐயா, தலைல மட்டும் அடிக்காதீங்கய்யா" என்று யாரிடமோ கெஞ்சினார். பல மாதங்களாக நான் கேட்டும் சொல்லாதது தானாக வருகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அதன்பின் கதவைத் தட்டினார். சாவி என் பையில்தான் இருந்தது. அவர் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மகளிடம் பூட்டு சிக்கிக்கொண்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்ததாலதாண்ணா அப்பா பொழச்சாரு" என்று அழுதார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். ரெக்கார்டரை ஒப்படைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கதவைத் தட்டியபோது மாஸ்டர், "சார், வெளிய இருக்கீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் குரல் விழுந்தால் பதிவு கெட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல் நின்றிருந்தேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)