நாலாம் மாடியில் எத்தனை பேர்

விசி: கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன். நாலு மாடியும் கேக்கட்டும். என் வீட்டுல யாரைப் பதியணும், யாரைப் பதியக்கூடாதுன்னு நான்தான் சொல்லணும்.

ஹேஜின்: அம்மையாரே, தயவுசெய்து கேளுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நகராட்சியில் இந்த முகவரியைப் பதிய வேண்டும். பதிவு இல்லையென்றால் வெளிநாட்டவர் அட்டை கிடையாது. அட்டை இல்லையென்றால் பல்கலைக்கழகம் என் பெயரை நீக்கிவிடும். நான் கொரியாவுக்குத் திரும்ப நேரிடும்.

விசி: திரும்பிப் போயேன். உங்க ஊர்ல காலேஜே இல்லையா?

ஹேஜின்: இருக்கிறது. ஆனால் நான் படிப்பது உங்கள் ஸ்பானிய மொழி.

அம்பாரோ: என்ன தோன்யா விசியம்மா, கீழ வாசல்ல துடைப்பத்தோட நிக்கறேன், அங்க வரைக்கும் கேக்குது. மீன்கடைக்காரர் நின்னு முழுசாக் கேட்டுட்டுத்தான் போறாரு.

விசி: நல்ல நேரத்துல வந்தே அம்பாரோ. உள்ள வா. நீ பார்த்தது, கேட்டது எல்லாத்தையும் இவ முகத்துக்கு நேரா சொல்லு.

அம்பாரோ: நானா? நான் இந்தக் கட்டடத்து வாசல்காரி. பதினெட்டு வருஷமா யார் விஷயத்துலயும் தலையிட்டதில்ல.

விசி: சொல்லுன்னா சொல்லு.

அம்பாரோ: நீங்க சொல்லச் சொல்றதால சொல்றேன்... போன செவ்வாய்க்கிழமை. ரெண்டாம் மாடிப் படியில மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தா. என்னம்மா, முகம் வாடிக் கிடக்குதேன்னு கேட்டேன். ‘நான் ரொம்ப காசாதா’ன்னா.

விசி: பாத்தியா. அவ வாயாலேயே. கல்யாணமானவளாம்.

அம்பாரோ: சும்மா கல்யாணமானவ இல்ல, ரொம்பக் கல்யாணமானவ. நானும் முப்பது வருஷமா ஒருத்தரோட குடித்தனம் பண்றேன். ரொம்பன்னு சொல்ற அளவுக்கு எனக்கு ஆனதில்ல.

ஹேஜின்: எனக்கா? திருமணமா? இல்லையே...

விசி: தனியா இருக்கற பொண்ணுன்னு சொல்லித்தானே அறைக்கு வந்தே? பதிவுல பேர் ஏறட்டும், பின்னாலயே புருஷன் பெட்டியோட வந்து இறங்குவான். அப்புறம் ரெண்டு பேரையும் யாரு கிளப்பறது?

அம்பாரோ: புருஷன் பேரு கூடத் தெரியும். க்வோன்.

ஹேஜின்: க்வோனா?

அம்பாரோ: தபாலை நான்தான் பிரிச்சுப் போடறேன். படிக்க மாட்டேன்... கண்ணுல படும். உங்க ஊர்ல இருந்து வர்ற கவர்ல எல்லாம் முதல்ல ‘க்வோன்’, அப்புறம் ‘ஹேஜின்’. ஆம்பள முன்னால, பொம்பள பின்னால. ஜோடியா வருது.

ஹேஜின்: அது என் குடும்பப் பெயர். எங்கள் நாட்டில் அது முன்னால் வரும். சொந்தப் பெயர் அதற்குப் பிறகு.

அம்பாரோ: சரி, அது அப்பா வழிப் பேருன்னே வெச்சுக்குவோம். அம்மா வழிப் பேரு எங்க? என்னைப் பாரு, அம்பாரோ கொரால் வித்தாலேஸ். அப்பாவோடது ஒண்ணு, அம்மாவோடது ஒண்ணு. ஒரே பேரை வெச்சுக்கிட்டு எப்படிம்மா ஊர் விட்டு ஊர் வந்தே?

ஹேஜின்: எல்லா இடத்திலும் இதையே கேட்கிறார்கள். இரண்டாவது குடும்பப் பெயர் இல்லை, அங்கே ஒரு கோடு போடுங்கள் என்று நூலகத்தில் சொன்னேன். நூலக அட்டையில் இப்போது என் பெயர் ‘ஹேஜின் க்வோன் கோடு’.

அம்பாரோ: கோடா...

விசி: சிரிக்காதே. கதை கட்டறா.

அம்பாரோ: சிரிக்கல தோன்யா. ஆனா ஒரு கோடு சட்டை போட்டுக்காது இல்ல. திங்கட்கிழமையானா உள்முற்றத்துக் கொடியில ஒரு ஆம்பளச் சட்டை தொங்குது. நீலக் கட்டம், ரெண்டு பாக்கெட். கழுத்தைப் பார்த்தா நல்ல கனமான ஆளு. அது யாரோடதும்மா?

விசி: அதை விடு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க எதைத்தான் போடல?

அம்பாரோ: அதெப்படி விடறது? ‘என்னைக் கேக்காதே, அவளைக் கேளு’ன்னு நீங்கதானே சொன்னீங்க?

விசி: சொன்னேன்... இப்போ விடுன்னும் சொல்றேன்.

ஹேஜின்: திருமதி அம்பாரோ, செவ்வாய்க்கிழமை நான் சொன்ன சொல்லை மறுபடியும் சொல்லுங்கள்.

அம்பாரோ: காசாதா.

ஹேஜின்: கான்சாதா. களைப்பு. அன்று வெளிநாட்டவர் அலுவலக வரிசையில் நான்கு மணி நேரம் நின்றேன். நான் ‘ன்’ சொல்லியிருப்பேன். அல்லது அதைச் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

அம்பாரோ: இப்போ மாத்தறா பாருங்க. போன வாரம் காசாதா. கையெழுத்து வேணும்னதும் கான்சாதா.

விசி: அதானே. களைப்போ, கல்யாணமோ, எனக்குச் சந்தேகம் வந்தாச்சு. சந்தேகத்தோட நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல. சலமான்காவுல வேற வீடா இல்ல? போய்த் தேடு.

ஹேஜின்: மூன்று நாளில் கிடைக்காது.

அம்பாரோ: கிடைக்கும் கிடைக்கும். நீ முதல்ல அறையைக் காலி பண்ணு.

ஹேஜின்: அப்படியானால் ஒரே ஒரு கேள்வி. இன்று காலை நகராட்சிக்குப் போனேன். அலுவலர் இந்த முகவரியைக் கணினியில் பார்த்தார். நானும் சேர்ந்தால் நாலாம் மாடியில் மூன்று பேர் என்றார். அம்மையாரே, அதனால் ஏதாவது சிக்கலா?

அம்பாரோ: மூணா? நீ ஒண்ணு. தோன்யா ஒண்ணு.

ஹேஜின்: எனக்கும் புரியவில்லை. என் மொழியறிவு போதாது.

அம்பாரோ: எண்ணிக்கைக்கு மொழி எதுக்கும்மா... தோன்யா, மூணாவது யாரு?

விசி: என் வீட்டுக்காரர் ரமிரோ பேரை இன்னும் எடுத்திருக்க மாட்டாங்க. செத்தவங்க பேரை எடுக்க அவங்களுக்கு நேரம் ஏது?

அம்பாரோ: ஐயா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. நீங்க அழுதுட்டுக் கிடந்தீங்க, இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான். பேரை எடுத்து முத்திரை குத்தினதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் திரும்பினேன்.

விசி: அப்போ அந்த ஆளு தப்பா எண்ணியிருப்பான்.

அம்பாரோ: நீலக் கட்டம். ரெண்டு பாக்கெட்.

விசி: கதவைச் சாத்து.

அம்பாரோ: சாத்திட்டேன். சொல்லுங்க.

விசி: மார்ச் மாசம். சமோரா நீதிமன்றத்துல, ரெண்டு சாட்சி வெச்சுக் கல்யாணம்... பேரு எலாதியோ.

அம்பாரோ: சமோரா பஸ் ஓட்டறாரே, அந்த எலாதியோவா? அதுக்குத்தான் பல்வலி, பல்வலின்னு மாசத்துக்கு நாலு தடவை சமோரா டாக்டர்கிட்டப் போனீங்களா? நீங்க போன கணக்குக்கு வாயில ஒரு பல்லும் மிஞ்சியிருக்கக் கூடாதேன்னு நானும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

விசி: ஞாயித்துக்கிழமைதான் அவருக்கு லீவு. அன்னைக்கு மட்டும் வருவாரு.

அம்பாரோ: எனக்கும் ஞாயித்துக்கிழமைதான் லீவு.

விசி: தெரியும்.

அம்பாரோ: பதினெட்டு வருஷம் இந்த வாசல்ல நின்னிருக்கேன் தோன்யா. என்கிட்ட ஒரு வார்த்தை...

விசி: பையனுக்கே சொல்லல. அப்பா உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தினதுக்கே மத்ரித்ல இருந்து போன் பண்ணிக் கத்தினவன் அவன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எதிர்ல உட்கார வெச்சு நானே சொல்லணும். அதுக்குள்ள இவ சான்றிதழ் வாங்கினா, அதுல இந்த வீட்டுல இருக்கற எல்லாப் பேரும் வரிசையா நிக்கும். உன் வாசலைத் தாண்டித்தான் அந்தப் பேப்பர் போகணும், வரணும்.

அம்பாரோ: நான் என்ன யார்கிட்டயாவது சொல்லவா போறேன்?

விசி: சொல்ல மாட்டே. மீன்கடையில போய் ‘இது நிஜமா?’ன்னு கேப்பே.

அம்பாரோ: அதுக்காக இந்தப் பொண்ணை ஊருக்கே அனுப்பப் பார்த்தீங்களா?

விசி: நீதானேடி புருஷன், சட்டைன்னு எடுத்துக் குடுத்தே. நான் பிடிச்சுக்கிட்டேன். தப்புதான்... இந்தாம்மா பொண்ணே, அந்தப் பேப்பரைக் கொண்டா. எங்க போடணும்?

ஹேஜின்: இங்கே. பிறகு பின்பக்கத்திலும்.

விசி: அம்பாரோ, கிறிஸ்துமஸ் வரைக்கும்.

அம்பாரோ: கிறிஸ்துமஸ் வரைக்கும்னா... இன்னும் ரெண்டு மாசம் இருக்கே தோன்யா. சரி. முயற்சி பண்றேன்.

*

அம்பாரோ: தோன்யா ஜன்னல் திரையைக்கூட விட்டுட்டுப் போயிட்டாங்க பாரு. ஜூன் மாச வெயில்ல யாராவது வீடு மாத்துவாங்களா?

ஹேஜின்: சமோராவுல ஆத்துப் பக்கமா வீடு கிடைச்சிருக்கு, விட்டா போயிடும்னு எலாதியோ அவசரப்படுத்தினாரு. பையனே வந்து பெட்டி தூக்கினானே, பார்த்தீங்களா?

அம்பாரோ: பார்க்காம? கிறிஸ்துமஸ்ல ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தவன்தான். மூணாம் நாள் அவரோட சீட்டாட உட்கார்ந்துட்டான். ஆமா, உன் பேச்சு என்னம்மா இப்படி மாறிடுச்சு? வந்த புதுசுல பாதிரியார் பிரசங்கம் பண்ற மாதிரி பேசுவே.

ஹேஜின்: தினமும் உங்களோட பேசறேன். வேற எப்படி ஆகும்?

அம்பாரோ: முழு வீட்டையும் உனக்கே வாடகைக்கு விட்டுட்டாங்களே. யாரைச் சேர்த்துக்கப் போறே?

ஹேஜின்: உங்க தங்கச்சி பொண்ணு நீவெஸைக் கேட்டேன். வரலைன்னுட்டா.

அம்பாரோ: எங்க வருவா? பேக்கரிக்காரனைக் கட்டிக்கிட்டு லெயோன் போறா, அடுத்த மாசம் கல்யாணம்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

ஹேஜின்: சொல்லுங்க.

அம்பாரோ: உன் அறையை நீவெஸுக்குத்தான் பார்த்து வெச்சிருந்தேன். நீ முந்திக்கிட்டே. அன்னைக்குப் படியில நீ பேசினியே... அந்த ‘ன்’ எனக்கு லேசாக் காதுல விழுந்துது.

ஹேஜின்: விழுந்திருக்கும்னு நினைச்சேன்.

அம்பாரோ: கோவம் இல்லையே? நல்லவேளை, அந்த நகராட்சி ஆளு வாயை விட்டான். ஆனாலும் அடுத்தவங்க வீட்டுல எத்தனை பேருன்னு அவன் எப்படிச் சொல்லலாம்? ஒருநாள் நேர்ல போய்க் கேக்கத்தான் போறேன்.

ஹேஜின்: பாவம், அவரை விடுங்க. அன்னைக்கு நான் நகராட்சிப் பக்கமே போகல. ஞாயித்துக்கிழமை காலையில சவரம் பண்ணிக்கிட்டே எனக்கும் சேர்த்து முட்டை பொரிச்சுக் குடுப்பாரு எலாதியோ. ‘சொந்தக்காரர்’னு தோன்யா சொல்லியிருந்தாங்க. அவரையும் சேர்த்து மூணு பேர்னு நானே எண்ணிட்டேன். அவங்ககிட்ட தனியாச் சொல்லியிருந்தா அடக்கி விட்டிருப்பாங்க... உங்க முன்னாடி சொன்னாத்தான் பலிக்கும்னு தெரிஞ்சுது.