தூண்களின் தொப்பை

தோழி, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டிவிடாதே. நாளை பள்ளி விழாவில் நான் பேச வேண்டியது ஆசிரியை எழுதிக்கொடுத்த 'நேரம் தவறாமை'. பேசப்போவது இதை. நான் கையைத் தூக்கியதும் திரையில் படத்தைப் போடு. அம்மாவுக்குத் தெரிந்தால் விடமாட்டாள்.

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! தட்டிக்கேட்டும் தட்டிக்கொடுத்தும் எங்களை வளர்க்கும் ஆசிரியப் பெருமக்களே! வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பின்வரிசையில் இன்னும் பேச்சை நிறுத்தாத என் வகுப்புத் தோழிகளே! வணக்கம்.

போன மாதம் நம் பள்ளியின் குழுப் படத்தைப் பார்த்து அலுவலக எழுத்தர் என்ன சொன்னார்? "ஏம்மா, தூணுக்கெல்லாம் தொப்பை போட்டிருக்கே! நல்ல சாப்பாடோ?" எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்றார். படம் எடுத்தவர் தலை குனிந்தார். அவர் என் அம்மா.

குனிந்தது அம்மாவின் தலை. குறை யாருடையது? கையுடையதா? கண்ணுடையதா? இல்லை! பழைய லென்ஸுடையது. அகலமாகப் பார்க்கும் லென்ஸ், ஓரத்துக் கோடுகளை வெளிப்பக்கம் வளைத்துவிடும். வளைந்ததை நிமிர்த்த ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு விலையில்லை, பூட்டில்லை. அதன் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் ஒரு லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்று யாராவது அளந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும். அம்மாவின் லென்ஸை அதுவரை ஒருவரும் அளந்து சொல்லவில்லை.

நான் அளந்தேன்! நேர்க்கோடுகளைப் படம் பிடித்து, அவை எவ்வளவு வளைகின்றன என்று கணினியில் கணக்கிட வேண்டும். எங்கள் தெருச் சுவரை எடுத்து, அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். அளவுகளைச் சரிபார்க்கும் முகம் தெரியாத அக்கா ஒருவர் பதில் எழுதினார்: "தங்கச்சி, லென்ஸ் பாவம். உங்க சுவரே கோணல்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்தேன், அழுது முடித்த பிறகு. மறுபடி எடுத்தேன், எதிரே புதிதாய் எழுந்த அடுக்குமாடியின் ஜன்னல் வரிசைகளை. அக்கா எழுதினார்: "இப்ப சரி. சேர்த்தாச்சு."

சேர்த்தாச்சு! இனி அந்த லென்ஸ் எந்த மூலையில் எவர் கையில் இருந்தாலும், அவர் யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டாம், தம் படத்தைத் தாமே நிமிர்த்திக்கொள்ளலாம். அந்த அளவைக் கொடுத்தது யார்? இந்தப் பள்ளி மாணவி!

இதோ, திரையைப் பாருங்கள். அதே படம். அதே முகங்கள். தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன! தலைமையாசிரியை அவர்களே, நிமிர வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. நன்றி சொல்லி அமரும் முன், இந்தப் படத்தை எடுத்தவரை இந்த மேடைக்கு அழைக்கிறேன். தலை நிமிர்ந்து வாங்கம்மா, வந்து என் பக்கத்தில்

தோழி, கதவைத் தட்டுகிறார்கள். "என்னடி, இன்னும் லைட் எரியுது?" அம்மாதான்