சேற்றுக்கு ஸ்டீல்தான்

சேற்றில் ஓட்டிய சைக்கிளை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செயின் துருப்பிடிக்கும், பிரேக்கில் மண் இறுகிவிடும்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள், ஸார். அதனால் இந்தியில் தடுமாறாமல் தமிழிலேயே எழுதித் தருகிறேன். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் கோப்பு எழுதிய கை இது. அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் சங்கரநாராயணன். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் யமுனைக் கரைச் சேற்றில் சைக்கிள் ஓட்டும் எங்கள் எட்டுப் பேர் குழுவை ஆரம்பித்தவன் நான். ஓட்டி முடித்ததும் எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள். என் மனைவி ருக்கு இட்லி போடுவாள். நான் ஒவ்வொரு சைக்கிளாக ஸ்டாண்டில் மாட்டிக் கழுவி, நட்டு போல்ட் எல்லாம் பார்த்து, 'பாஸ்' என்பேன். நான் பாஸ் சொன்ன வண்டியை அதன் சொந்தக்காரர் மறுபடி பார்ப்பதில்லை. அது எங்கள் வழக்கம். ஏழு வருஷமாக அந்த வார்த்தைக்கு மரியாதை இருந்தது.

போன வருஷம் அர்விந்த் வந்தான். குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடையது கார்பன் ஃபைபர் ஃப்ரேம், என்னுடையது ஸ்டீல். முதல் நாளே இரண்டையும் தராசில் தொங்கவிட்டு எல்லோருக்கும் காட்டினான். என்னுடையது மூன்று கிலோ அதிகம். அன்றிலிருந்து எனக்கு 'லோஹா அங்கிள்' என்று பெயர். இரும்பு மாமா. மேட்டில் நான் பின்தங்கினால், "லோஹா அங்கிள் வரதுக்குள்ள ஒரு சாய் குடிச்சுடலாம்" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன், ஸார். சேற்றில் இறங்கினால் இரண்டு வண்டியிலும் நாலு கிலோ மண் ஒட்டும். அப்புறம் மூன்று கிலோவில் என்ன வாழ்கிறது? சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கல் மாட்டினால் ஸ்டீலுக்குப் பெயின்ட் போகும். கார்பனுக்கு ஃப்ரேமே அரைபடும். ஸ்டீல் வளைந்து எச்சரிக்கும், கரோல் பாக்கில் ஒரு வெல்டிங் போட்டால் பத்து வருஷம் ஓடும். கார்பன் உள்ளுக்குள் விண்டுபோயிருந்தாலும் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். அவன் போனைப் பார்த்துக்கொண்டே 'அச்சா, அச்சா' என்றான். இந்த மழைக்காலத்துக்குள் அவனைப் பார்த்து ஐந்து பேர் கார்பன் வாங்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் அவனையே தலைவனாக்கினார்கள். நான் ஆரம்பித்த குழு அது.

இனி ஸ்டாண்டு விஷயம். அதன் இரும்புப் பிடிதான் வண்டியைக் கவ்வித் தூக்கி நிறுத்தும். கார்பன் சைக்கிளை சீட்டுக் கம்பியைப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். ஃப்ரேமின் குழாயைப் பிடித்து முறுக்கினால் நொறுங்கும். ஸ்டீலுக்கு அந்தக் கவலை கிடையாது. எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, பழக்க தோஷத்தில் அவன் வண்டியைக் குழாயைப் பிடித்து மாட்டிவிட்டேன். பிடியை முறுக்கும்போது நறுக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

உள்ளே அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மூட்டுவலியில் நான் நடப்பதைப் போல நொண்டி நடந்து காட்டிக்கொண்டிருந்தான். ருக்குவும் சிரித்தாள். நான் வாசலில் நின்று 'பாஸ்' என்றேன்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் மாட்டி இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். அதற்கடுத்த ஞாயிறும் முறுக்கினேன். கோடு விரல் நீளம் ஆனது. வெளியே தெரிந்தால் அவன் பார்த்துவிடுவான் என்று எங்கள் குழுவின் மஞ்சள் ஸ்டிக்கரைக் குழாயைச் சுற்றி ஒட்டினேன். தன்னையும் ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டுவிட்டதாக நினைத்து அவன் என்னைக் கட்டிக்கொண்டான்.

நாலாவது ஞாயிறு பாதையை நான்தான் சொன்னேன். கரை மேட்டிலிருந்து கருங்கல் கொட்டிய சரிவில் இறங்கும் வழி. அவன் மனைவி மேதா கைக்குழந்தையோடு வழியனுப்ப வந்திருந்தாள். சரிவைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அவனிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

"அங்கிள், வண்டிய நீங்க பாத்துட்டேளோல்லியோ?"

"பாத்துட்டேம்மா. பாஸ்."

"அச்சா, அப்ப எனக்குக் கவலையே இல்ல."

பாதிச் சரிவில் ஃப்ரேம் இரண்டாகப் போயிற்று. தலை கல்லில் மோதியது. ஆஸ்பத்திரி போகும் வரை மூச்சு இருந்தது. அவன் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டிக்கரை உரித்து நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். முறுக்கியவன் நான், மறைத்தவன் நான், தெரிந்தே அவனை அந்தச் சரிவில் இறக்கியவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்று விட்டுப்போகக் கூடாது. அவன் போனபிறகு அந்த ஐந்து பேரும் கார்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டீலுக்கு மாறிவிட்டார்கள். ஐந்து குடும்பம் பிழைத்தது என்னால்தான், ஸார். அதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.